மாடியில் விழும் மழையை உப்புக் கிணற்றில் இறக்குவது எப்படி?

எங்கள் வீடு கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறது. பின்கட்டில் 28 அடி ஆழத்துக்கு ஓர் உறைக்கிணறு. தாத்தா காலத்தில் குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். நான் வளர்ந்த பிறகு அதில் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, குடத்தின் உள்ளே வெள்ளை படிந்தது. பக்கத்திலேயே போர் போட்டு இன்னும் கீழே போகலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கனம் கூடுதல். ஆனால் அந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால் அது கீழே சுமார் 40 அடிவரை உப்பை அமுக்கி வைத்திருக்கும். மேலே 1 அடி இறங்கினால் கீழே 40 அடி உப்பு ஏறிவர வழி கிடைக்கிறது. அதனால் மேல்மணல் தண்ணீர் உப்பாகும்போது ஆழம் கூட்டுவது மருந்தில்லை. மேலிருந்து ஊற்றுவதுதான் மருந்து. (கடலூர் மணற்கல்லுக்குள் சில நூறு அடி ஆழத்தில் நல்ல தண்ணீர் உண்டு, அது உண்மைதான். ஆனால் ஊர் முழுக்க அதிலிருந்துதான் உறிஞ்சுகிறது. வீட்டுக்கு மேல் விழுகிற மழையைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.)

எவ்வளவு ஊற்ற முடியும்? 1000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். நம் பக்கம் வருஷத்துக்கு 1200 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, சிந்துவது, காய்வது எல்லாம் கழித்து ஐந்தில் நாலு பங்கு எடுத்தால் கிட்டத்தட்ட 89,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏழு லோடு. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

தொடங்கும் முன்

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் ஆனது. அதனால் உங்கள் வீட்டிலும் ஏற்கெனவே ஒரு குழி இருக்கலாம். திறந்து பாருங்கள். எங்கள் வீட்டுக் குழியில் மண்ணும் வேப்பஞ்சருகும் வாய்வரை நிரம்பியிருந்தன. ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கியிருக்காது. அதைத் தூர்த்துவிட்டு நேராகக் கிணற்றுக்கே போனேன்.

வாங்க வேண்டியவை: மாடியிலிருந்து வரும் குழாய்க்குப் பொருத்தமான 4 இஞ்ச் பிவிசி பைப், ஒரு டீ (T வடிவ இணைப்பு), மூன்று நான்கு எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவு இணைப்பு), 200 லிட்டர் நீலப் பீப்பாய் இரண்டு, 2 இஞ்ச் மரை வைத்த எண்ட் கேப் (முனை மூடி) ஒன்று, 40 எம்எம், 20 எம்எம் ஜல்லி, நைலான் கொசுவலை. பீப்பாய் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள். பழைய சாமான் கடைகளில் ரசாயனம் வந்த பீப்பாய்களும் கிடக்கும். எண்ணெயோ பழச்சாறோ வந்ததை மட்டும் எடுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் அது வேண்டாம்.

பைப்பில் கனம் குறைந்த சாக்கடைப் பைப் போதும் என்பார்கள். வெயில் படும் இடத்தில் அது இரண்டு மூன்று வருஷத்தில் நொறுங்கத் தொடங்கும். கனமானதையே வாங்குங்கள். அப்புறம் ஒரு டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுவது. சில நூறு ரூபாய்தான். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கினால் பலன் வந்ததா இல்லையா என்று தெரியவே தெரியாது.

முதல் தண்ணீரை ஒதுக்குவது

மாடியைப் பெருக்குவது, பைப் வெட்டுவது, சொல்யூஷன் தடவி ஒட்டுவது எல்லாம் பிளம்பர் பார்த்துக்கொள்வார். நீங்கள் கூடவே நிற்க வேண்டியது இந்த இடத்தில்தான்.

மழை தொடங்கியதும் வரும் தண்ணீரில் தூசி, புறா எச்சம், பாசி எல்லாம் கரைந்து வரும். முதல் 2 மி.மீ. மழையை வெளியே விட்டுவிட வேண்டும். 1000 சதுர அடிக்கு அது சுமார் 190 லிட்டர். வழக்கமாக ஒரு 4 இஞ்ச் பைப்பை 3 அடி நீளத்துக்குத் தொங்கவிட்டு, முதல் தண்ணீர் அதில் தங்கும் என்று சொல்லிவிடுவார்கள். அந்த 3 அடிப் பைப்பில் 8 லிட்டர்கூட முழுசாகப் பிடிக்காது. எனக்கும் முதலில் அதைத்தான் போட்டுக் கொடுத்தார்கள். முதல் மழைக்கே கிணறு டீத்தண்ணீர் நிறமாகி, ஒரு வாரம் வாடை அடித்தது. அம்மா அந்த வாரம் முழுக்க தெருக்குழாயில் பிடித்துத்தான் சமைத்தார்.

அப்புறம் பைப்புக்குப் பதில் 200 லிட்டர் பீப்பாயை வைத்தேன். மாடியிலிருந்து இறங்கும் பைப்பில் 4 அடி உயரத்தில் டீ. நேராக இறங்குவது திறந்த பீப்பாய்க்குள், பக்கவாட்டில் போவது வடிகட்டிக்கு. பீப்பாய் நிரம்பியதும் தண்ணீர் மேலேறிப் பக்கவாட்டில் திரும்பும் என்று நினைத்தேன். திரும்பவில்லை. பீப்பாய் 3 அடி உயரம்தான். நிரம்பியதும் விளிம்பு வழியாகவே வாசலில் கொட்டியது. இரண்டு நல்ல மழை அப்படியே தெருவுக்குப் போனது.

குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. ஒன்றோடொன்று இணைந்த பாத்திரங்களில் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். பீப்பாயின் விளிம்பைவிட டீயின் கிளை தாழ்ந்து இருந்தால்தான் தண்ணீர் கிளையில் திரும்பும். அதற்குச் செய்ய வேண்டியது இது: பைப்பைப் பீப்பாயின் வாய்க்குள் விடாதீர்கள். டீயிலிருந்து நேராக இறங்கும் பைப்பைத் தரைவரை கொண்டுபோய், எல்போ போட்டு, பீப்பாயின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு இணையுங்கள். டீயின் கிளை பீப்பாயின் அடியிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வர வேண்டும். இப்போது பீப்பாய்க்குள்ளும் பைப்புக்குள்ளும் தண்ணீர் சமமாக ஏறும். இரண்டரை அடிக்கு வந்ததும் பீப்பாயில் சுமார் 190 லிட்டர் அழுக்குத் தண்ணீர் நிற்கும். விளிம்புக்கு இன்னும் அரை அடி இருக்கும். அதற்கு மேல் வருவதெல்லாம் கிளை வழியாக வடிகட்டிக்குப் போகும். ஒட்டுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மட்டம் பாருங்கள். இந்த ஒரு அளவு தப்பினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

மழை விட்டதும் பீப்பாயைக் காலி செய்ய அடியில் வழி வேண்டும். பால் வால்வு (ball valve, கைப்பிடியால் திறந்து மூடுவது) போடச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. மண் சிக்கி இரண்டே மாதத்தில் இறுகிவிட்டது. மரை வைத்த 2 இஞ்ச் எண்ட் கேப்தான் நல்லது. கையால் திருகிக் கழற்றினால் சேறோடு சேர்ந்து வந்துவிடும். அந்தத் தண்ணீரை வாழைக்கு விடுங்கள். பீப்பாயின் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்ட மறக்காதீர்கள்.

வடிகட்டி

இரண்டாவது பீப்பாயில் அடியில் 40 எம்எம் ஜல்லி ஒரு அடி, அதன்மேல் 20 எம்எம் ஜல்லி ஒரு அடி, மேலே கொசுவலை இரண்டு மடிப்பு, அது நகராமல் இருக்க ஒரு கை கூழாங்கல். ஜல்லியைக் கழுவாமல் போட்டால் முதல் மாதம் முழுக்கச் சாம்பல் தண்ணீர்தான் வரும்.

மணல் போட வேண்டாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். மணிக்கு 30 மி.மீ. மழை நமக்குச் சாதாரணம். அந்த மழைக்கு 1000 சதுர அடி மாடியிலிருந்து நிமிஷத்துக்கு 46 லிட்டர், அதாவது மூன்று குடம் தண்ணீர் வரும். ஒரு பீப்பாய் அகல மணல் அந்த வேகத்துக்குத் தண்ணீரை விடாது, வழிந்துவிடும். முதல் தண்ணீரை ஒழுங்காக ஒதுக்கிவிட்டால் ஜல்லியும் வலையுமே போதும். கரி போடுவதும் தேவையில்லை. சில மழையிலேயே அதன் வேலை முடிந்துவிடும், மாற்றுவாரும் இல்லை.

வடிகட்டியின் வாய், டீக் கிளையைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும். அதனால் நான் அந்தப் பீப்பாயை ஒரு அடி மண்ணில் புதைத்தேன். (இதைப் பற்றிக் கீழே பிற்சேர்க்கையைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.) அடியிலிருந்து 4 இஞ்ச் பைப், 10 அடிக்கு 1 இஞ்ச் சரிவில் கிணற்று உறைவரை. உறையில் துளையிட்டு, பைப்பை நுழைத்து, சுற்றிலும் சிமெண்ட் பூச வேண்டும். பைப்பின் முனை உறையோடு நின்றுவிடக் கூடாது. உள்ளே எல்போ போட்டுக் கோடைகாலத் தண்ணீர் மட்டம்வரை இறக்குங்கள். உயரத்திலிருந்து விழுந்தால் அடிச்சேறு கலங்கி மோட்டாரில் ஏறும்.

பலன் எப்படி?

காலையில் மோட்டார் போடும் முன் அளந்தேன். ஆகஸ்டில் 1450 (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) காட்டிய டிடிஎஸ், டிசம்பர் கடைசியில் 610. மே மாதம் மறுபடி 980. குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். மே மாதம் ஏறியதற்குக் காரணம், நாம் ஊற்றிய தண்ணீர் நம் கிணற்றோடு நின்றுவிடாமல் பக்கத்து மனைகளுக்கும் மெல்லப் பரவுவதுதான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தெருவில் பத்து வீடு ஊற்றினால் கோடையிலும் நிற்கும். பருப்பு இப்போது வேகிறது. குடிக்க மட்டும் கொதிக்க வைத்தே எடுக்கிறோம். டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது.

பிற்சேர்க்கை 1: புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர், கிணறு இல்லை, போர்தான் இருக்கிறது, அதன் வாய்க்குள்ளேயே விடலாமா என்று கேட்டிருந்தார். ஓடிக்கொண்டிருக்கும் போரில் விடாதீர்கள். நுண்மண் போய் பைப்பின் துளைகளை அடைத்துவிட்டால் போரே போய்விடும். போரிலிருந்து 10 அடி தள்ளி உறை இறக்கி, அதில் விடுங்கள். தோண்டும்போது களிமண் வந்தால் அங்கேயே நிறுத்தக் கூடாது. கைபோர் (கையால் துளையிடுவது) வைத்துக் களியைத் தாண்டி மணல்வரை போக வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் குழியிலேயே நின்று கொசுதான் வளரும். கடலூரை ஒட்டிய கேப்பர் மலைச் செம்மண்ணில் வீடு இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

பிற்சேர்க்கை 2: மாடியில் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் ஒருவர் கிணற்றில் நுரை வருகிறது என்று எழுதியிருந்தார். சோப்புத் தண்ணீரும் அதே குழாயில் இறங்கியிருக்கிறது. அதைத் தனிப் பைப்பில் பிரித்த பிறகுதான் கிணற்றுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 3: 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணையும் கரை மீறியது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். புதைத்து வைத்திருந்த வடிகட்டியின் விளிம்புக்கு நாலு விரல் கீழேவரை சாக்கடை கலந்த தண்ணீர் வந்து நின்றது. அதைப் பார்த்தபடி அந்த இரவு நான் தூங்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் முதல் பீப்பாய்க்கு ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் மேடை கட்டினேன். நிரம்பினால் கிட்டத்தட்ட 200 கிலோ, ஆகவே வெறும் கல் அடுக்கினால் போதாது, சிமெண்ட் வைத்துக் கட்ட வேண்டும். இதனால் டீக் கிளை 4 அடிக்கு ஏறிவிட்டது. வடிகட்டியைத் தோண்டி எடுத்துத் தரைமேல் வைத்தாயிற்று. புதிதாகச் செய்பவர்கள் முதலிலேயே இப்படிச் செய்துவிடுங்கள்.