பிங் போகுது, ஃபோட்டோ போகமாட்டேங்குது: அட்ஹாக் நெட்வொர்க் ரூட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடி, கூட்டம் நெருக்க ஆரம்பித்ததும் ஃபோனில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும். கால் மட்டும் போகாது. அங்கே டவரை நம்பாமல், தன்னார்வலர்கள் கையில் இருக்கும் கருவிகளே ஒன்றுக்கொன்று வைஃபையில் பேசி, ஒருவர் செய்தியை இன்னொருவர் கருவி கடத்திவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொபைல் அட்ஹாக் நெட்வொர்க் என்பது இதுதான். செய்தி எந்த வழியில் போக வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் ரூட்டிங்; அதைச் செய்யத் தனியாக ரவுட்டர் கிடையாது. எல்லாக் கருவியும் ரவுட்டர், எல்லாமும் நகர்கிறது.

ஈரோட்டிலும் கோவையிலும் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இந்தத் தலைப்பு வருஷா வருஷம் வருகிறது. தவறுகளும் பெரும்பாலும் அதேதான். பலவற்றுக்கு வேர் ஒன்று: கேபிளில் இணைத்த நெட்வொர்க்கில் பழகிய கையோடு, பக்கத்து நோடு (நெட்வொர்க்கில் உள்ள கருவி) 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று இரண்டாகப் பிரித்துவிடுவது.

ஏஓடிவி என்ற ரூட்டிங் நெறிமுறையை (புரோட்டோகாலை) எடுத்துக்கொள்ளலாம். இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 3561ஆம் எண்ணாக 2003இல் வந்தது. தேவைப்படும்போது மட்டும் வழி தேடும். கோயில் வாசலில் இருப்பவர் சந்தைக் கோடியில் இருப்பவருக்கு அனுப்ப வேண்டுமென்றால், "இந்த முகவரிக்கு வழி தெரியுமா?" என்ற கோரிக்கை சுற்றியிருக்கும் எல்லோருக்கும் போகும். கேட்ட நோடு ஒவ்வொன்றும், அது யாரிடமிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டு மேலே பரப்பும். சேரவேண்டிய நோடோ, புதிய வழி தெரிந்த இடைநோடோ அந்தக் குறிப்பைப் பிடித்தே பதிலைத் திருப்பி அனுப்பும். பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதை அறிய ஒரு விநாடிக்கு ஒரு முறை ஹலோ செய்தி.

சிக்கல் அந்த ஹலோவில்தான். "சார், பிங் போகுதுங்க, ஃபோட்டோ மட்டும் போகமாட்டேங்குதுங்க" என்று வரும் மாணவர்கள் பெரும்பாலும் ப்ரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். ப்ரோகிராம் சரியாகவே இருக்கும். பிங் என்பது இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் சிறு செய்தி. ஹலோ எல்லோருக்கும் பொதுவாகப் போவதால் வைஃபை அதைக் குறைந்த வேகத்தில் அனுப்பும், பழைய 802.11பி கருவிகளில் 1 அல்லது 2 எம்பிபிஎஸ். டேட்டா பாக்கெட் 11 எம்பிபிஎஸ்ஸில் போக முயலும். மெதுவாகப் போகும் சிறு செய்தி அதிக தூரம் எட்டும். வேகமாகப் போகும் பெரிய பாக்கெட் எட்டாது. அதுபோக ஹலோ வந்து சேர்ந்ததா என்று யாரும் ஒப்புதல் தருவதில்லை. நான் சொல்வது உனக்குக் கேட்கிறது என்பதால், நீ சொல்வது எனக்குக் கேட்கும் என்றும் ஆகாது. ஆக, ரூட்டிங் அட்டவணையில் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பவர், டேட்டா என்று வந்தால் ஊரிலேயே இல்லாதவர். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் இதை நேரடிச் சோதனையில் காட்டி, 'சாம்பல் மண்டலம்' என்று பெயரிட்டார்கள். மருந்தும் சொன்னார்கள்: குறிப்பிட்ட வலுவுக்குக் கீழே வரும் ஹலோவைத் தள்ளிவிடு; தொடர்ந்து சில ஹலோ வந்த பிறகே பக்கத்து நோடு என்று ஏற்றுக்கொள்; யாருடைய ஹலோவெல்லாம் உனக்குக் கேட்கிறது என்ற பட்டியலையும் உன் ஹலோவில் சேர்த்து அனுப்பு.

இதோடு ஒட்டிப் பிறந்ததுதான் ஹாப் எண்ணிக்கையை, அதாவது செய்தி ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் தடவைகளை நம்புவது. ஹாப் குறைவாக இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு தாவலும் நீளமாக இருக்க வேண்டும். நீளமான தாவல் என்றாலே நலிந்த இணைப்பு. அதாவது, குறைந்த ஹாப் தேடும் நெறிமுறை சாம்பல் மண்டலத்தைத் தேடித்தேடிப் போய் விழுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நேரடி இணைப்பு ஒன்றில் இரண்டு திசையிலும் பாதிக்குப் பாதிதான் சேருகிறது என்றால், ஒரு பாக்கெட் ஒப்புதலோடு போய்ச்சேர சராசரியாக 4 முறை அனுப்ப வேண்டும். நடுவில் ஒருவர் நின்று, இரண்டு தாவலிலும் இருபுறமும் 90 சதவீதம் சேருகிறது என்றால், மொத்தம் சுமார் 2.5 முறை போதும். ஈடிஎக்ஸ் என்ற அளவை 2003இல் எம்ஐடியிலிருந்து வந்தது இந்தக் கணக்கைச் செய்யத்தான். சந்தைக் கூட்டத்தில் இது இன்னும் முக்கியம். மனித உடம்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே உறிஞ்சும்.

இதெல்லாம் ப்ராஜெக்டில் ஏன் தெரிவதில்லை? நெட்வொர்க்கைக் கம்ப்யூட்டரிலேயே பாவித்துப் பார்க்கும் என்எஸ்-2 சிமுலேட்டரை அதன் இயல்பு அமைப்பிலேயே ஓட்டினால், 250 மீட்டருக்குள் எல்லாம் சேரும், அதைத் தாண்டினால் எதுவும் சேராது. காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம் அது. சாம்பலுக்கு இடமே இல்லை. நோடுகள் நகர்வதற்கு எல்லோரும் போடும் ரேண்டம் வேபாயிண்ட் மாதிரியிலும் (ஏதோ ஒரு இடத்தை, ஏதோ ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுத்து நகர்வது) ஒரு பொறி உண்டு: குறைந்தபட்ச வேகம் பூஜ்யம் என்று விட்டால், மிக மெதுவான பயணத்தில் மாட்டிக்கொண்ட நோடுகள் சேரச்சேர சராசரி வேகம் இறங்கிக்கொண்டே போகும். 2003இலேயே சுட்டிக்காட்டப்பட்ட விஷயம். குறைந்தபட்ச வேகத்தை 1 மீட்டர்/விநாடி என்றாவது வையுங்கள், முதல் சில நிமிடக் கணக்கைக் கழித்துவிடுங்கள். ரிவ்யூவில் காட்டும் அழகான வரைபடம் பலவற்றைச் சரித்துவிட, இந்த இரண்டைப் பற்றிக் கேட்டாலே போதும் என்பது என் எண்ணம்.

இணைப்பு அறுந்ததை அறியவும் ஹலோவையே நம்பியிருப்பது அடுத்த தவறு. இரண்டு ஹலோ தவறினால்தான் ஏஓடிவிக்குச் சந்தேகம் வரும். ஏறத்தாழ 2 விநாடி. சந்தையில் நடக்கிறவருக்கு அது பரவாயில்லை. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவில் வரிசையாக ஏறும் வண்டிகளை நினையுங்கள். முன்வண்டி திரும்பிய நொடியில் பாறை மறைத்துவிடும். 20 மில்லி விநாடிக்கு ஒரு குரல் பாக்கெட் என்றால், அந்த 2 விநாடியில் 100 பாக்கெட் காற்றோடு போச்சு. டேட்டாவுக்கு ஒப்புதல் வரவில்லை என்பது வைஃபை அடுக்குக்கு உடனே தெரியும். அந்தத் தகவலை ரூட்டிங்குக்கு மேலே கொடுங்கள், ஆர்எஃப்சியே அனுமதிக்கிறது.

"எது பெஸ்ட், ஏஓடிவியா ஓஎல்எஸ்ஆரா?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. முன்கூட்டியே எல்லா வழியையும் வைத்திருக்கும் நெறிமுறையான ஓஎல்எஸ்ஆர், பலர் பலரோடு ஓயாமல் பேசும் நெருக்கமான கூட்டத்துக்கு ஏற்றது. தேர்ந்தெடுத்த சில நோடுகள் மட்டும் செய்தியை மறுபடி பரப்புவதால் இரைச்சலும் குறையும். எப்போதாவது ஒரு செய்தி போகும் இடத்தில் ஏஓடிவி பேட்டரியை மிச்சம் பிடிக்கும்.

ஹாப் கூடினால் வேகம் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். எல்லோரும் ஒரே சேனலில் இருப்பதால் பக்கத்துப் பக்கத்துத் தாவல்கள் ஒரே நேரத்தில் பேச முடியாது. நீண்ட சங்கிலியில் நன்றாக அமைந்தாலே கிடைப்பது ஒற்றைத் தாவல் வேகத்தில் கால்வாசி. அதிலே வீடியோ அனுப்பப் பார்ப்பவர்களை என்ன சொல்ல!

கடைசியாக, பேட்டரி. ஏஓடிவி பழைய வழியையும் புதிய வழியையும் வரிசை எண்ணால் பிரித்தறிகிறது. கருவி அணைந்து எழுந்தால் அந்த எண் மறந்துபோகலாம், பாக்கெட்டுகள் வட்டமடிக்கும் அபாயம் வரும். அதனால் எழுந்த நோடு சிறிது நேரம் வழிதேடல் செய்தி எதுவும் அனுப்பாமல் காத்திருக்க வேண்டும். இயல்பு மதிப்புகளில் 15 விநாடி. டெமோவில் பேட்டரி மாற்றியவர், "ஹேங் ஆயிருச்சுங்க" என்று மறுபடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால், அந்த 15 விநாடி மறுபடி முதலிலிருந்து ஓடும்.