நீளம் குறைந்த ஓடுபாதையில் சிறு விமானத்தை இறக்குவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேபாளத்தின் லுக்லாவில் உள்ள டென்சிங்-ஹிலாரி விமான நிலையத்தின் ஓடுபாதை 527 மீட்டர் நீளமே உடையது. கடல் மட்டத்திலிருந்து 2,845 மீட்டர் உயரத்தில், மலைச்சரிவின் மேலேயே அமைந்த அந்தப் பாதை 11.7 விழுக்காடு சாய்வில் ஏறிச் செல்கிறது. அதாவது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் ஏறத்தாழ 60 மீட்டர், ஓர் இருபது மாடிக் கட்டடத்தின் உயரம், மேலே போய்விடுகிறது. கீழ்முனையில் துத் கோசி ஆற்றுப் பள்ளத்தாக்கு. மேல்முனையில் மதிலும் மலையும். எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால் 1964இல் அமைக்கப்பட்டபோது அது வெறும் மண்பாதையாக இருந்தது. தார் போடப்பட்டது 2001இல்தான். ட்வின் ஆட்டர், டோர்னியர் 228, லெட் 410 போன்ற சிறு விமானங்கள் அங்கே பயணிகளையும் சரக்கையும் கொண்டுவந்து இறக்குகின்றன.

அங்கே விமானங்கள் இறங்கும் காணொளிகளைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கடைசி ஐந்து நொடிகளைத்தான் வியக்கிறார்கள். சக்கரம் தரையைத் தொடுகிறது, என்ஜின் இரைகிறது, மதிலுக்கு முன்னால் விமானம் திரும்பி நிற்கிறது. ஆனால் இத்தகைய ஓடுபாதைகளில் நேரும் பிழைகளில் மிகச் சிலவே அந்த ஐந்து நொடிகளில் பிறக்கின்றன. பெரும்பாலானவை ஒரு நிமிடத்துக்கோ இரண்டு நிமிடத்துக்கோ முன்பே செய்யப்பட்டவை; சில பிழைகள், விமானி புறப்படுவதற்கு முன் கையேட்டைப் புரட்டும்போதே செய்யப்பட்டவை. தரையைத் தொடும் நேரத்தில் அவை வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான்.

கையேட்டிலிருந்தே தொடங்கலாம். பயிற்சிப் பள்ளிகளில் பலரும் பழகும் செஸ்னா 172எஸ் விமானம், கடல் மட்டத்தில், காற்றில்லாத நாளில், 50 அடி உயரத்தில் ஓடுபாதை விளிம்பைக் கடந்து வந்து முழுமையாக நிற்பதற்கு 1,335 அடி, அதாவது 407 மீட்டர் வேண்டும் என்பது உற்பத்தியாளர் தரும் கணக்கு. அதற்குப் பக்கத்திலேயே, தரையில் உருளும் தூரம் 575 அடி, அதாவது 175 மீட்டர் என்று இன்னோர் எண்ணும் இருக்கும். அந்தச் சிறிய எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, 300 மீட்டர் இருந்தால் தாராளம் என்று முடிவுகட்டுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மீதி 232 மீட்டர் காற்றிலேயே செலவாகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 407 மீட்டரும்கூட, புது விமானத்தில், தேய்மானம் இல்லாத பிரேக்கோடு, உலர்ந்த கெட்டித் தளத்தில், கைதேர்ந்த விமானி ஒருவர் செய்து காட்டிய தூரமே. பிரித்தானிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் தனியார் விமானிகளுக்கு வழங்கும் அறிவுரையில், கையேட்டுத் தூரத்தைப் பாதுகாப்புக்காக 1.43ஆல் பெருக்கச் சொல்கிறது. நனைந்த புல்தரையாக இருந்தால் அதற்கு மேலும் 1.35ஆல் பெருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 407 மீட்டர் 780 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு பலர் அந்தப் பயணத்தையே கைவிடுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது வேகம். எல்லாத் தவறுகளிலும் இதுவே மிகப் பரவலானது, மிக இயல்பானதும்கூட; ஏனென்றால் அது அச்சத்திலிருந்து வருகிறது. வேகம் குறைந்தால் இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் விழுந்துவிடும் என்று முதல் நாளிலிருந்தே கற்பிக்கப்பட்ட விமானி, ஓடுபாதை சிறியது, சுற்றிலும் மலை என்றதும் கைகாவலாக ஐந்தாறு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்ற வேக அலகு) கூட வைத்துக்கொள்கிறார். 172எஸ்ஸின் குறுந்தூர இறக்க வேகம் 61 நாட். அதில் ஆறு நாட் கூட்டினால் ஏறத்தாழ பத்து விழுக்காடு மிகுதி. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், பிரேக் தின்று தீர்க்க வேண்டிய ஆற்றல் 21 விழுக்காடு கூடிவிடுகிறது. அதுகூடப் பரவாயில்லை. மிகுந்த வேகத்தோடு வரும் விமானம், மூக்கைத் தூக்கியதும் தரையில் அமர மறுத்து, ஓரடி இரண்டடி உயரத்தில் மிதந்துகொண்டே போகும். அந்த மிதப்பில் கரையும் பாதையை எந்த பிரேக்காலும் திரும்பப் பெற முடியாது. இதே பிழைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. கையேட்டில் உள்ள வேகம் முழு எடைக்கு உரியது. விமானி தனியாக, பாதித் தொட்டி எரிபொருளோடு வரும்போதும் அதே வேகத்தைப் பிடித்தால், அவர் தம்மை அறியாமலேயே வேகமாக வருகிறார்.

மலையில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. காற்று அடர்த்தி குறைந்த உயரத்தில், வேகமானி காட்டுவதைவிட விமானம் உண்மையில் விரைவாகப் போய்க்கொண்டிருக்கும். லுக்லாவின் உயரத்தில் மானி 75 நாட் என்று காட்டினால், உண்மை வேகம் 86 நாட் அளவில் இருக்கும். வெயில் ஏறினால் இன்னும் கூடும். தரை வழக்கத்தைவிட வேகமாக நகர்வதைக் கண்டு, விமானம் விரைகிறது என்று எண்ணி, மானியைப் பாராமல் வேகத்தைக் குறைப்பவர் எதிர்த்திசையில் ஆபத்துக்குள் நுழைகிறார். மானியில் அதே எண்ணைப் பிடிக்க வேண்டும். பாதை மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். பின்காற்றும் இதே வேலையைச் செய்கிறது. சமவெளியில் எதிர்காற்றுக்கு ஏற்பத் திசையை மாற்றி இறங்கலாம். ஒரே பக்கமாக மட்டும் இறங்கக்கூடிய ஓடுபாதையில் அதற்கு வழியில்லை. லுக்லாவில் பொழுது ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசத் தொடங்கும் காற்று, இறங்கும் விமானத்துக்குப் பின்காற்றாகவே அமைகிறது. விமானங்கள் அங்கே காலைப் பொழுதையே நம்பி இயங்குவதற்கு மேகத்தோடு இந்தக் காற்றும் காரணம். காலையில் இறங்கினோமே, பதினொரு மணிக்கும் இறங்கலாம் என்று நினைப்பவர், உண்மையில் வேறோர் ஓடுபாதையில் இறங்கப்போகிறார்.

கண் செய்யும் மோசடிக்குச் சற்று நீண்ட விளக்கம் தேவை. சமதளமான, அகலமான ஓடுபாதையை மூன்று பாகைச் சரிவில் அணுகும்போது அது எப்படித் தோன்றும் என்பது விமானியின் கண்ணில் பதிந்திருக்கும். மேல்நோக்கி ஏறும் ஓடுபாதை, சரியான உயரத்தில் வரும்போதே, எழுந்து நிற்பதுபோலத் தெரியும். அதனால் தாம் மிக உயரத்தில் இருப்பதாக விமானிக்குத் தோன்றும். அகலம் குறைந்த ஓடுபாதையும் இதே ஏமாற்றத்தைத் தருகிறது: தொலைவில் இருப்பதுபோல, எனவே உயரத்தில் இருப்பதுபோல. இரண்டும் சேர்ந்த இடத்தில், எல்லாம் சரியாக இருந்தும், கை தானாகவே திராட்டிலை, அதாவது என்ஜின் விசையைக் கட்டுப்படுத்தும் நெம்பை, குறைத்து விமானத்தைக் கீழே இறக்குகிறது. சமவெளியில் இதன் விளைவு, வேலிக்கு முன்னால் ஒரு வயலில் சக்கரம் பதிவதோடு முடியலாம். பள்ளத்தாக்கின் விளிம்பில் தொடங்கும் ஓடுபாதையில் தாழ்ந்து வருவது என்றால் பாறைச்சுவரை நோக்கி வருவது என்று பொருள். 2017 மே 27 அன்று, மேகம் சூழ்ந்திருந்த வேளையில் சரக்குடன் வந்த லெட் 410 விமானம் ஒன்று லுக்லா ஓடுபாதை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே சரிவில் மோதியது. விமானிகள் இருவரும் உயிரிழந்தனர்.

தாழ்ந்துவிட்டோம் என்று தெரிந்த நொடியில் செய்யப்படும் தவறு, தாழ்ந்ததைவிடக் கொடியது. கண்முன் பாறை எழும்போது மனிதக் கை கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னுக்கு இழுத்து மூக்கைத் தூக்கவே விரும்பும். வேகம் ஏற்கெனவே குறைந்திருக்கும் நிலையில் மூக்கைத் தூக்கினால் காற்றின் இழுவை கூடுகிறது, வேகம் மேலும் விழுகிறது, விமானம் ஏறுவதற்குப் பதிலாக வேகமாகத் தாழ்கிறது. இன்னும் இழுத்தால் ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். அங்கே முதலில் வேண்டியது என்ஜின் விசை. ஆகவேதான் தேர்ந்த விமானிகள் இத்தகைய இடங்களில் திராட்டிலை முழுக்க மூடிவிட்டு மிதந்து வருவதில்லை. கொஞ்சம் விசையை எப்போதும் கையில் வைத்திருந்து, விளிம்பைத் தாண்டிய பிறகே அதை எடுக்கிறார்கள். மேசைபோல் உயர்ந்த ஓடுபாதைகளில், செங்குத்து விளிம்பின்மேல் வீசும் காற்று பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால் கீழ்நோக்கிப் பாய்வதும் உண்டு என்பதால், இந்தக் கைவசம் இருக்கும் விசை ஆடம்பரம் அன்று. கரீபியக் கடலின் சாபா தீவு ஓடுபாதை ஏறத்தாழ 400 மீட்டர்தான். இரு முனைகளும் கடலுக்கு மேலான பாறை விளிம்பில் முடிகின்றன.

உயர்ந்து வருவது மறுபக்கத் தவறு. மூன்று பாகைச் சரிவில், விளிம்பைப் பத்தடி கூடுதல் உயரத்தில் கடந்தால், தரை தொடும் இடம் ஏறக்குறைய 58 மீட்டர் தள்ளிப்போகும். சாபா அளவுள்ள பாதையில் இது ஏழில் ஒரு பங்கு. சாபாவுக்கு அருகிலுள்ள சென் பார்த்தலெமி தீவில், 650 மீட்டர் ஓடுபாதையின் ஒரு முனைக்கு நேர்முன்னால் ஒரு குன்று நிற்கிறது. அதன் முகட்டில் செல்லும் சாலைக்குச் சற்று மேலே பறந்துவந்து, உடனே சரிந்து இறங்க வேண்டும். பாதையும் கடற்கரையை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. குன்றைத் தாண்டியதும் மூக்கை அழுத்தி உயரத்தைக் கரைக்க முயல்பவர், உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறார். அந்த வேகம் கடற்கரை மணல் வரை அவரை மிதக்க வைக்கும். முழு ஃபிளாப்பையும் (மெதுவாகப் பறக்க உதவும்படி இறக்கையின் பின்விளிம்பில் கீழிறக்கும் மடிப்பு) உரிய வேகத்தையும் குன்றுக்கு முன்பே அமைத்துக்கொள்ளாதவருக்கு, குன்றைத் தாண்டிய பிறகு அமைத்துக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை.

ஏறு சாய்வில் தரை தொடுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். சமதளத்தில் மூன்று பாகை இறக்கத்தை நேராக்கினால் போதும். லுக்லாவின் 11.7 விழுக்காடு என்பது ஏறத்தாழ 6.7 பாகை, ஆக, இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தைப் பத்துப் பாகை அளவுக்குத் திருப்பி, தரையோடு சேர்ந்து மேலேறும் திசைக்குக் கொண்டுவர வேண்டும். வழக்கமான அளவுக்கு மட்டும் மூக்கைத் தூக்குபவரின் முன்சக்கரம் தரையில் அறைபடும். பிரான்சின் கூர்ஷெவெல் மலை ஓடுபாதையில் சாய்வு 18.5 விழுக்காடு வரை இருக்கிறது. 537 மீட்டர் நீளமுள்ள அதில், தொட்டவுடன் சமவெளிப் பழக்கத்தில் விசையை மூடி பிரேக் போட்டால் விமானம் நடுச்சரிவில் நின்றுவிடும். மேலேயுள்ள சமதளம் வரை உருண்டு போக விசை கொடுத்தே ஆக வேண்டும். அங்கே இறங்க விமானிக்கு மலைப்பறப்புத் தகுதியோ அந்த இடத்துக்கென்றே பெற்ற அனுமதியோ தேவை என்று பிரெஞ்சு விதிகள் கோருவது இதனால்தான்.

சமதளப் பாதையில் பிரேக்கைப் பற்றி ஒன்று மட்டும். தொட்ட நொடியில், எடை இன்னும் இறக்கையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்போது பலமாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். மூக்கு அமர்ந்து எடை சக்கரத்துக்கு வந்த பிறகு அழுத்துவதே பயன் தரும். எடையைச் சக்கரத்துக்கு மாற்ற ஃபிளாப்பை உடனே மடக்கும் வழக்கமும் உண்டு. சக்கரம் உள்ளிழுக்கும் விமானத்தில், அவசரத்தில் ஃபிளாப் நெம்புக்குப் பதிலாகச் சக்கர நெம்பைப் பிடித்து இழுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என் மதிப்பீட்டில் பெரிய தவறு, எந்த இடத்தில் முயற்சியைக் கைவிடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாமல் வருவது. சமவெளி ஓடுபாதையில் சக்கரம் தொட்ட பிறகும் விசை கொடுத்து மேலெழலாம். லுக்லாவில் பாதைக்கு அப்பால் மலை எழுவதால், இறுதி அணுகலின் ஒரு கட்டத்துக்குப் பிறகு திரும்பிப் போக வழியே கிடையாது. ஆகவே வேகம், உயரம், ஃபிளாப், பார்வைத் தெளிவு ஆகிய நான்கும் ஒழுங்காக இருக்கின்றனவா என்ற கேள்விக்குரிய விடை அந்த இடத்துக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். ஒன்று தவறியிருந்தாலும், பள்ளத்தாக்கில் திரும்ப இடம் இருக்கும்போதே திரும்ப வேண்டும். இன்னும் கொஞ்சம் போனால் தெரிந்துவிடும் என்ற நினைப்பே ஆளைக் கொல்கிறது. 2008 அக்டோபர் 8 அன்று மேகமூட்டத்தில் லுக்லாவை அணுகிய ட்வின் ஆட்டர் ஓடுபாதைக்கு முன்னால் மோதியபோது, அதிலிருந்த 19 பேரில் தலைமை விமானி ஒருவர் மட்டுமே பிழைத்தார்.

ஓடுபாதை நீளமாக இருந்தாலும் இந்த மனப்போக்கு மாறுவதில்லை. 2010 மே 22 அன்று மங்களூருவின் மேட்டு ஓடுபாதையில் போயிங் 737 விமானம் மிக உயரத்தில் வந்து, ஏறத்தாழ 1,600 மீட்டர் தாண்டிய பிறகே தரையைத் தொட்டது. பாதையின் முழு நீளம் 2,450 மீட்டர். துணை விமானி மூன்று முறை மேலெழச் சொன்னது விசாரணையில் வெளிவந்தது. 158 பேர் இறந்தனர்.

கடைசியாக, இறங்கிவிட்ட பிறகே நினைவுக்கு வரும் ஒரு தவறு. அதே செஸ்னா 172எஸ், கடல் மட்டத்தில் 50 அடித் தடையைக் கடந்து எழுவதற்கு 1,630 அடி, அதாவது 497 மீட்டர் எடுத்துக்கொள்கிறது. இறங்குவதற்குத் தேவையானதைவிட 90 மீட்டர் அதிகம். 430 மீட்டர் வயல்வெளியில் கச்சிதமாக இறங்கி நிறுத்திவிட்டு, மறுமுனையில் நிற்கும் மரங்களை அப்போதுதான் கவனிப்பவருக்கு இரண்டு வழிகளே மீதம்: ஆளையும் எரிபொருளையும் இறக்கிவிட்டுக் குளிர்ந்த விடியற்காலையின் எதிர்காற்றுக்குக் காத்திருப்பது, அல்லது இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றுவது.