ஊட்டிக் குளிரில் மலிவு விலை மானிட்டர்: வாங்குவதிலிருந்து எழுத்து தெளிவாகத் தெரிவது வரை

லேப்டாப்பின் சின்னத் திரையில் எக்செல் ஷீட்டை இடமும் வலமுமாக நகர்த்தியே கழுத்து வலிக்கிறதா? தனியாக ஒரு மானிட்டர் வாங்கிவிடுங்கள். 24 அங்குலத்தில் நல்லதே ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. எதை வாங்கலாம் என்று சொல்லும் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் மலை வீட்டுக்கான கவலைகள் எதுவும் வருவதில்லை. ஈரம், இடி மின்னல், போய்ப் போய் வரும் கரண்ட், பழுதானால் கோயம்புத்தூர் வரை தூக்கிச் செல்ல வேண்டிய நிலை. எனவே என் கட்சி இதுதான்: மானிட்டரில் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடியுங்கள், அந்தக் காசை மின்சாரப் பாதுகாப்பில் போடுங்கள்.

முதலில் லேப்டாப்பைப் பாருங்கள்

மானிட்டருக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். பழைய டெஸ்க்டாப்பில் விஜிஏ என்ற பழைய வகை போர்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால், விஜிஏ உள்ள மானிட்டராகவே தேடி வாங்குங்கள். மலிவு மாடல்களில் இன்னும் வருகிறது. கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்; இடையில் கெட்டுப்போக இன்னொரு பொருள் எதற்கு? டைப்-சி மட்டும் உள்ளவர்கள் கடைசியில் உள்ள சேர்க்கையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எந்த மானிட்டர்

22 அல்லது 24 அங்குலம், 1920 × 1080 புள்ளிகள், ஐபிஎஸ் வகைத் திரை (பேனல்). வீட்டு வேலைக்கு இது போதும். அதே விலைக்கு 27 அங்குலம் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அதே 1920 × 1080 புள்ளிகளைத்தான் பெரிய பரப்பில் விரித்திருப்பார்கள். 24 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள். 27 அங்குலத்தில் 82 மட்டுமே. ஆங்கிலம் படிக்கும்போது பெரிதாகத் தெரியாத இந்த வித்தியாசம், சுழிகள் நிறைந்த தமிழில் உடனே தெரிகிறது.

விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், படம் பார்க்க அழகு. ஆனால் குளிரில் எந்த எல்சிடியும் சற்று மந்தமாகும். விஏ பேனலில் ஓடும் எழுத்தின் பின்னால் நிழல் இழுப்பது இன்னும் கூடுதலாகத் தெரியும். ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் ஜனவரிக் காலைகளில் இதைக் கவனிக்கலாம். கொஞ்ச நேரம் ஓடினால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. நொடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்று சொல்லும் எண் 75 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்பதெல்லாம் கணக்கு வேலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பொருட்டே இல்லை.

ஆன்லைனில் வாங்கினால், பணம் கட்டும் முன் 643-இல் தொடங்கும் உங்கள் பின்கோடுக்கு வாரண்டி சர்வீஸ் வீட்டுக்கு வருமா என்று நிறுவனத்தின் இலவச எண்ணில் கேட்டுவிடுங்கள். பெயர் பெற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் மூன்று வருட வாரண்டி தருகின்றன. ஆள் மலைக்கு வருவாரா என்பதுதான் கேள்வி. வராவிட்டால் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடையில் நேரில் போட்டுப் பார்த்து வாங்குவதே மேல். திரை முழுக்க வெள்ளை, அப்புறம் முழுக்க கறுப்பு வைக்கச் சொல்லி, செத்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

அடாப்டரில் உள்ள மலைக் குறி

இதை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். மானிட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் சில அடாப்டர்களின் ஸ்டிக்கரில் சிறிய மலை வடிவமும் பக்கத்தில் 2000 மீட்டர் என்ற எண்ணும் இருக்கும். அது சீனப் பாதுகாப்புத் தரத்தின் குறி. 2000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் அந்த அடாப்டரைச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்று மின்சாரத்தைத் தடுக்கும் திறனும் குறைவு. அதனால் அடாப்டருக்குள் உயர் அழுத்தப் பகுதிக்கும் மற்றதற்கும் இடையே கூடுதல் இடைவெளி தேவைப்படுகிறது. குன்னூர் சுமார் 1850 மீட்டர், கோத்தகிரியும் 2000-க்குக் கீழேதான். ஊட்டியோ சுமார் 2240, கொடைக்கானல் 2100-க்கு மேல். அந்தக் குறி இருந்தால் உடனே வெடித்துவிடும் என்றில்லை. ஆனால் நம் வீட்டில் நாள் முழுக்க ஓடப்போகும் பொருள். மேனுவலில் இயங்கும் உயரம் என்ற வரியைப் பாருங்கள். பல நல்ல மானிட்டர்களில் 5000 மீட்டர் என்று போட்டிருக்கும். அதை வாங்குங்கள்.

அடாப்டர் வெளியே தனியாக இருக்கும் மாடலே எனக்குப் பிடித்தது. கரண்ட் எகிறினால் பெரும்பாலும் முதல் அடி அடாப்டருக்குத்தான். அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள நல்ல அடாப்டர் மாற்றினால் வேலை முடிந்தது. உள்ளேயே பவர் போர்டு இருந்தால் மானிட்டரையே சுமந்துகொண்டு பர்லியாறு வழியாக மலை இறங்க வேண்டும்.

ஸ்டெபிலைசர் வேண்டாம். 100 முதல் 240 வோல்ட் வரை என்று அடாப்டரிலேயே எழுதியிருக்கும். லோ வோல்டேஜை அது சமாளித்துக்கொள்ளும். தேவைப்படுவது, திடீரென எகிறும் கரண்டைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர். சிவப்பு லைட் எரியும் எல்லா எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் சர்ஜ் புரொடெக்டர் ஆகிவிடாது. எத்தனை ஜூல் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பழைய வீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள், அது இல்லாமல் புரொடெக்டர் பாதி வேலைதான் செய்யும். ஏப்ரல், மே கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. லேப்டாப்பில் லேன் கேபிள் செருகியிருந்தால் அதையும்.

எங்கே வைப்பது

வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் அந்தச் சுவர் ஓதம் காக்கும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பார்சல் குளிரில் கிடந்து வந்திருந்தால், கணப்பு போட்ட அறைக்குள் கொண்டுவந்ததும் பிரிக்காதீர்கள். குளிர்ந்த பொருள்மேல் அறையின் ஈரக் காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும். சில மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பயன்படுத்தாத நாளில் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். மழைக்காலத்தில் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் அதன் சொந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.

எழுத்து மங்கலாகத் தெரிந்தால்

என் நேரத்தை அதிகம் தின்ற படி இதுதான், அதனால் விரிவாக எழுதுகிறேன். கேபிளை மாட்டியதும் படம் வந்துவிடும். ஆனால் எழுத்து பனிமூட்டத்தில் பார்ப்பது போல இருக்கும். கேபிளைச் சந்தேகப்படுவோம், மானிட்டரைத் திருப்பி அனுப்பலாமா என்றுகூடத் தோன்றும். பொறுங்கள்.

விண்டோஸ் கீயும் பி-யும் சேர்த்து அழுத்துங்கள். அங்கே டூப்ளிகேட் என்பது தேர்வாகியிருந்தால் காரணம் அதுதான். டூப்ளிகேட்டில் இரண்டு திரைக்கும் ஒரே படம் போகிறது. லேப்டாப் திரை 1366 × 768 என்றால் மானிட்டருக்கும் அதே அளவு போய்விடும். மானிட்டர் ஒவ்வொரு புள்ளியையும் ஏறக்குறைய 1.4 புள்ளியாக இழுத்து நிரப்ப வேண்டும். அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது, அதனால் ஓரங்கள் குழைந்துவிடுகின்றன. எக்ஸ்டெண்ட் அல்லது செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி என்பதற்கு மாற்றுங்கள். பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இரண்டாம் திரையைத் தேர்ந்தெடுத்து 1920 × 1080, ஸ்கேல் 100 சதவீதம் வையுங்கள். பெரும்பாலோருக்கு இத்தோடு சரியாகிவிடும்.

இன்னும் சரியாகவில்லையா? படத்தைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் தெரிந்தால், மானிட்டரை டிவி என்று கிராபிக்ஸ் கார்டு நினைத்துக்கொண்டிருக்கிறது. ஏஎம்டி லேப்டாப் என்றால் அதன் சாஃப்ட்வேரில் எச்டிஎம்ஐ ஸ்கேலிங்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரிந்தால் அதுவும் டிவி வழக்கம்தான்: 0 முதல் 255 வரை போக வேண்டிய நிறம் 16 முதல் 235 வரைக்குள் அடைபட்டிருக்கும். கிராபிக்ஸ் செட்டிங்கில் லிமிடெட் என்று இருப்பதை ஃபுல் ஆக்குங்கள்.

கடைசியாக ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் (எழுத்தைத் தெளிவாக்கும் விண்டோஸ் வசதி) என்று தேடி, அது காட்டும் மாதிரிகளில் உங்கள் கண்ணுக்குத் தெளிவானதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போங்கள். அதன் பிறகு ஒரு வெற்றுக் கோப்பில் 11 அளவில் "னணனண" என்று தட்டிப் பாருங்கள். சாய்ந்து உட்கார்ந்த நிலையிலேயே இரண்டு சுழியும் மூன்று சுழியும் பிரிந்து தெரிந்தால் செட்டிங் சரி.

சேர்க்கை

கொடைக்கானலிலிருந்து ஒருவர், டைப்-சி கேபிள் மாட்டியும் படம் வரவில்லை என்று எழுதியிருந்தார். எல்லா டைப்-சியும் படம் அனுப்பாது. டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ள போர்ட்டில் மட்டும்தான் வரும். சில லேப்டாப்களில் போர்ட் பக்கத்தில் டி, பி எழுத்துகள் கொண்ட சின்னமோ மின்னல் குறியோ இருக்கும். எதுவும் இல்லையென்றால் உங்கள் மாடல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். கேபிளும் வெறும் சார்ஜிங் கேபிளாக இருக்கக் கூடாது.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் அடாப்டர் ரீங்கரிக்கிறது என்கிறார் கூடலூர் வாசகர். அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். அடுத்த முறை மாற்றும்போது சைன் வேவ் வாங்குங்கள். மானிட்டர் சுமார் 20 வாட்தான் எடுக்கும், சின்ன இன்வெர்ட்டரே தாங்கும்.

கரண்ட் போய் வந்த பிறகு நோ சிக்னல் என்று நிற்கிறது என்பது பலரின் புகார். மானிட்டரின் பவர் வயரையும் எச்டிஎம்ஐ கேபிளையும் கழற்றி, அரை நிமிடம் விட்டு, முதலில் பவர், அப்புறம் கேபிள் என்று மாட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் மானிட்டர் மெனுவில் இன்புட் ஆட்டோ என்பதை எச்டிஎம்ஐ என்று நிலையாக மாற்றிவிடுங்கள்.