அமெரிக்க மதுவிலக்கை உதாரணம் காட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுவிலக்கு பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் அமெரிக்காவை இழுத்து வந்துவிடுகிறார். "அமெரிக்காவாலேயே முடியவில்லை" என்ற ஒரே வரியில் விவாதம் முடிந்துபோகிறது. ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும், நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரை அங்கே என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எத்தனையோ குடும்பங்களின் சோற்றோடும் நிம்மதியோடும் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

குடிப்பதே அங்கே குற்றமாக இருந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் மதுவைத் தயாரிப்பதையும் விற்பதையும் கொண்டுசெல்வதையும் தடுத்தது, குடிப்பதைத் தடுக்கவில்லை. சட்டம் அமலுக்கு வந்த 1920 ஜனவரி 17க்கு முன்பே வாங்கி வீட்டில் அடுக்கி வைத்தவர்கள் அதைத் தாராளமாகக் குடிக்கலாம். அந்த வசதி யாருக்கு இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தேவாலய வழிபாட்டுக்கான ஒயினுக்கும் விலக்கு உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடையில் விஸ்கி கிடைக்கும். அதற்கென்று அரசே அச்சிட்ட சீட்டு இருந்தது: நோயாளியின் பெயர், முகவரி, நோய், எத்தனை மணிக்கு ஒரு தடவை எத்தனை கரண்டி என்பதெல்லாம் எழுத அதில் இடம் விட்டிருப்பார்கள். ஒருவருக்குப் பத்து நாளைக்கு ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, அந்தக் காலத்தில் ஒருவர் கையில் கோப்பை இருந்தது என்பதாலேயே சட்டம் மீறப்பட்டது என்று முடிவு கட்ட முடியாது.

இதைவிடப் பெரிய தவறு, அரசு தன் முழு பலத்தோடு முயன்று தோற்றது என்று எண்ணுவது. தொடக்கத்தில் நாடு முழுவதற்கும் இருந்த மத்திய மதுவிலக்கு அதிகாரிகள் சுமார் 1,500 பேர். இரண்டு பெருங்கடல்களின் கரை, கனடாவோடும் மெக்சிகோவோடும் நீண்ட எல்லைகள், அவற்றுக்கு இடையே ஒரு கண்டம். எதிர்க்கரையான கனடாவிலிருந்து படகில் சரக்கு வந்துகொண்டே இருந்த டெட்ராய்ட் ஆற்றை மட்டும் காவல் காக்கவே அத்தனை பேரும் போதுமானவர்களாக இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். 1927 வரை இவர்கள் தேர்வெழுதி வேலைக்கு வந்தவர்களும் அல்லர். கட்சிக்காரர்களின் சிபாரிசில் வந்தவர்கள். சம்பளம் குறைவு, மாமூல் அதிகம். சட்டத்துக்கு வாக்களித்த நாடாளுமன்றம் அதைச் செயல்படுத்தப் பணம் ஒதுக்குவதில் கையை இறுக்கிக்கொண்டது.

மாநிலங்களின் கதை வேறு. அமலாக்கம் மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை என்று திருத்தத்திலேயே எழுதியிருந்தது. மேரிலாண்ட் அதற்கென்று ஒரு மாநிலச் சட்டம்கூட இயற்றவில்லை. நியூயார்க் 1921இல் இயற்றி, 1923இல் ஆளுநர் அல் ஸ்மித்தின் கையெழுத்தோடு ரத்து செய்தது. மிச்சிகனிலோ நான்காவது முறை பிடிபட்டவருக்கு ஆயுள் தண்டனை. 1928இல் அங்கே கொஞ்சம் மது விற்றதற்காகப் பத்துக் குழந்தைகளின் தாய் ஒருவருக்கு அந்தத் தண்டனை விதிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பி, பிறகு விடுதலையானார் என்றாலும் அந்தத் தாயை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஒரே அரசியலமைப்பு, ஒரே காலகட்டம். "அமெரிக்காவில் அமலாக்கம் எப்படி இருந்தது?" என்று கேட்பவர், எந்த ஊரில், எந்த ஆண்டில், யார்மீது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

"யாரும் குடியை விடவில்லை" என்பதும் தவறு. கள்ளச்சந்தைக்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. அதனால் கல்லீரல் சுருக்க நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை போன்றவற்றிலிருந்து பொருளாதார அறிஞர்கள் நுகர்வை மதிப்பிட்டார்கள். 1991இல் மிரோன், ஸ்வீபல் இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, தொடக்கத்தில் நுகர்வு பழைய அளவில் ஏறத்தாழ 30 சதவீதமாகச் சரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் 60 முதல் 70 சதவீதம்வரை ஏறியது. இதை வைத்துக்கொண்டு மதுவிலக்கு ஆதரவாளர்களும் அவசரப்பட வேண்டாம். அந்த நோயின் சாவுகள் 1920க்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டன. பல மாநிலங்கள் அதற்குள் தாமாகவே மதுவை விலக்கியிருந்தன, முதல் உலகப் போர்க்காலக் கட்டுப்பாடுகளும் இருந்தன. கைதுகளின் எண்ணிக்கையைக் காட்டி வாதிடுபவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். கைது கூடினால் குற்றம் கூடியது என்றும் சொல்லலாம், காவல் கூடியது என்றும் சொல்லலாம்.

சிகாகோவின் கள்ளச்சாராயக் கும்பல் தலைவர் அல் கபோனின் கதையை அமலாக்கத்தின் வெற்றியாகச் சொல்வதும் உண்டு. 1931இல் அவரைச் சிறைக்கு அனுப்பியது மதுவிலக்குச் சட்டம் அல்ல, வருமான வரி வழக்கு.

எல்லோரும் தாண்டிப் போகும் ஒன்றுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அமலாக்கம் என்றாலே சோதனை, பறிமுதல் என்று மட்டும் நினைக்கிறோம். தொழிற்சாலை ஆல்கஹால் திருடப்பட்டுச் சாராயமாவதைத் தடுக்க, அதில் மெத்தனால் போன்ற நஞ்சைக் கலக்க வேண்டும் என்பது அரசின் விதி. திருட்டு குறையாதபோது நஞ்சின் அளவைக் கூட்டினார்கள். 1926 கிறிஸ்துமஸை ஒட்டி நியூயார்க் மருத்துவமனைகளுக்குப் பார்வை மங்கியவர்களும் உயிருக்குப் போராடியவர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். நகரின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நோரிஸ், இந்தச் சாவுகளுக்கு அரசே தார்மிகப் பொறுப்பு என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். நல்ல சரக்கு வாங்கக் காசில்லாதவர்களே இதில் அதிகம் செத்தார்கள். அமலாக்கம் பலித்ததா என்ற கணக்கில் இந்த உயிர்களும் சேர வேண்டும்.

கடைசியாக, தோல்வியால்தான் சட்டம் போனது, 1933 டிசம்பர் 5 அன்று எல்லாம் முடிந்தது என்ற எண்ணம். 1929க்குப் பின் வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில் வருமான வரி வற்றியது. மது வரியும் மதுத்தொழில் தரும் வேலைகளும் திரும்ப வேண்டும் என்ற குரல் பலத்தது. முடிவிலும் மத்திய அரசின் தடைதான் நீங்கியது. தம் எல்லைக்குள் என்ன செய்வது என்பது மாநிலங்களிடம் விடப்பட்டது. மிசிசிப்பி 1966வரை மதுவிலக்கைக் கைவிடவில்லை. சட்டப்படி மது விற்கக் கூடாத அந்த மாநிலத்தில், 1944 முதல் கள்ளச் சரக்கின் விற்பனைக்கு மாநில அரசே வரி வசூலித்து வந்தது.