படிப்பகத்தில் ஹொரேஸ்: ஒரு மாலை வாசிப்பை நடத்துவது எப்படி

ரோமானியக் கவிஞர் ஹொரேஸைப் புதியவர்களோடு படிக்க உட்கார்ந்தால், பலரும் வாழ்க்கை வரலாற்றில்தான் தொடங்குகிறார்கள். கிமு 65இல் பிறந்தார், கிமு 8இல் இறந்தார், ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தவர் என்று அரை மணி நேரம் ஓடினால் பின்வரிசை கைப்பேசியை எடுத்துவிடும். முதலில் கவிதை. அது கேள்வியைக் கிளப்பும் இடத்தில்தான் வாழ்க்கை.

வடசென்னையில் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் நடத்துவதானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வையுங்கள். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். படிக்கப்போகும் பாடல்களில் கடல் வருவதால் அவர்கள் வந்தே ஆக வேண்டும். ஞாயிறு காலை மீன் வியாபாரம் மும்முரமாக இருக்கும். மாலை 5 மணி சரி. 12 பேர் போதும். 20ஐத் தாண்டினால் பேசுகிறவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள்.

தமிழ் வடிவத்தை நீங்களே தயார் செய்வதானால், குறைந்தது இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுங்கள். அதில் ஒன்று உரைநடையாக இருக்கட்டும். எதுகைக்காக எழுதிய பழைய ஆங்கில வடிவங்களில் ஹொரேஸ் சொல்லாததெல்லாம் புகுந்திருக்கும். பெரிய எழுத்தில் ஆளுக்கொரு ஜெராக்ஸ் கொடுங்கள்.

முதல் கவிதை, ஹொரேஸின் 'பாடல்கள்' (Odes) தொகுப்பில் இரண்டாம் புத்தகத்தின் 10ஆம் பாடல். மொத்தம் 24 அடி, நாலு நாலாக ஆறு பத்தி. மூலத்தில் முதல் மூன்று அடிகளுக்குத் தலா 11 அசை, நாலாவதற்கு 5தான். தமிழிலும் நாலாம் அடியைக் குட்டையாகவே விடுங்கள். வாசிப்பவர் மூச்சு விடும் இடம் அது. இரண்டு முறை, இரண்டு குரலில் வாசிக்கச் சொல்லுங்கள்.

பாடல் கடலில் தொடங்குகிறது: எப்போதும் ஆழ்கடலுக்கே ஓட்டாதே, புயலுக்குப் பயந்து கரையை ரொம்பவும் ஒட்டிப் போகாதே. இங்கே நிறுத்தி, படகோட்டுபவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கரையை ஒட்டிப் போனால் என்ன ஆகும்? பாறை, அலை உடையும் இடம், தரை தட்டுவது என்று அவர் சொல்லச் சொல்ல, ஹொரேஸ் இந்தப் பாடலில் சொல்லும் நடுவழி பயந்தவன் வழி இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும். கடைசி அடிகளில் காற்று அளவுக்கு மீறிச் சாதகமாக வீசும்போது பாயைச் சுருக்கச் சொல்கிறார். பாய் கட்டிய கட்டுமரத்தில் போன பெரியவர் யாராவது இருந்தால் அந்த அடியை அவருக்கு விட்டுவிடுங்கள். இந்த ஒரு பாடலுக்கே 50 நிமிடம் ஒதுக்கலாம்.

இரண்டாவது, முதல் புத்தகத்தின் 11ஆம் பாடல், எட்டே அடி. நம் ஆயுள் எவ்வளவு என்று பாபிலோனிய ஜோதிடக் கணக்குப் போட்டுப் பார்க்காதே என்று ஒரு பெண்ணிடம் சொல்கிறார். பேச்சு ஜோதிடம் சரியா தப்பா என்று திரும்பினால் மாலையே போய்விடும். உடனே அடுத்த அடிக்குப் போங்கள். அங்கே குளிர்காலக் கடல் பாறைகளில் மோதி மோதிச் சோர்கிறது. பாறை கடலைக் களைக்க வைக்கிறது, கவனியுங்கள். எண்ணூர் போகும் சாலையோரம் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்களை ஐப்பசி அலையில் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். இந்தப் பாடலைச் செலவு செய்து கொண்டாடச் சொல்வதாக எடுத்துக்கொள்வது வழக்கமான தவறு. ஒயினை வடிகட்டு, நீண்ட ஆசையைச் சிறு காலத்துக்குள் வெட்டிக்கொள் என்று அன்றாட வேலையைத்தான் சொல்கிறார்.

இதற்குள் யாராவது, "வசதியானவர் சொல்லிட்டுப் போயிடலாம்" என்பார். வாழ்க்கையைச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். ஹொரேஸின் அப்பா விடுதலை பெற்ற அடிமை. ஏலத்தில் பணம் வசூலிப்பவர். பெரிய வீட்டுப் பையன்கள் இடது தோளில் பையும் பலகையும் தொங்கப் போன உள்ளூர்ப் பள்ளி வேண்டாமென்று மகனை ரோமுக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு ஆசிரியரிடமும் தானே கூடவே நின்றார். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இருக்கும் கூட்டத்தில் இதை நிதானமாகச் சொல்லுங்கள். பிறகு சுருக்கமாக: கிமு 42இல் பிலிப்பி போரில் தோற்ற புரூட்டஸின் பக்கம், நிலம் பறிபோனது, கருவூலத்தில் எழுத்தர் வேலை, அகஸ்டஸின் நண்பரும் கவிஞர்களின் புரவலருமான மைசீனஸின் ஆதரவு, சபைன் மலைப் பண்ணை. புரவலர் தயவில் வாழ்ந்ததை மறைக்க வேண்டாம். அகஸ்டஸே தன் கடிதங்களை எழுத அழைத்தபோது மறுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குறளைக் கடைசியில் எடுங்கள். முன்னாலேயே எடுத்தால் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கி ஹொரேஸ் காணாமல் போவார். 'நடுவுநிலைமை' அதிகாரம் இங்கே பொருந்தாது, அது நீதி பற்றியது. 'வலியறிதல்' எடுங்கள்: நுனிக்கொம்பர் ஏறினாரைப் பற்றிய 476ஆம் குறளை, காற்றில் அதிகம் ஆடும் உயர்ந்த பைன் மரம் வரும் அடிகளோடு சேர்த்து வாசியுங்கள். அடுத்த அமர்வுக்கு, நகர எலியும் நாட்டுப்புற எலியும் வரும் அங்கதக் கவிதையின் தாளை அன்றே கொடுத்தனுப்புங்கள்.