கட் அன்ட் பொலிஷ் மெசின் வாங்கமுன்

ஒட்டுசுட்டானில் புதிதாக வாகனச் சேர்விஸ் நிலையம் போடப்போகிற தம்பி ஒருவர் போன கிழமை கிளிநொச்சிக்கு என்னிடம் வந்தார். "அண்ணை, ஆயிரத்து இருநூறு வாட்ஸ் மெசின் ஒன்று பார்த்து வைச்சிருக்கிறன், எடுக்கட்டோ?" என்றார். "வாட்ஸைக் கடைசியாப் பாருங்கோ தம்பி, தலை எப்பிடிச் சுத்துது எண்டதை முதல்ல பாருங்கோ" என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். வாகனப் பெயின்ற்றின் கீறலைத் தேய்த்தெடுத்து மினுக்குகிற இந்த மெசினில் ரோட்டரி, டிஏ என்று இரண்டு வகை.

ரோட்டரி மெசினின் தலை ஒரே அச்சில், நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்றுவரை சுழலும். நன்றாக வெட்டும், ஆனால் சூடு முழுக்க ஒரே இடத்தில் ஏறும். நான் தொழில் பழகிய காலத்தில் வெள்ளை ஹையேஸ் ஒன்றின் பொனட் விளிம்பில் ரோட்டரியைக் கொஞ்சம் சரித்துப் பிடித்துவிட்டேன். தலையில் ஒட்டித் தேய்க்கிற மெத்தையான பாட்டைத் தூக்கிப் பார்த்தபோது நூல் அகலத்தில் சாம்பல் நிற அடிப்பூச்சு, பிறைமர், தெரிந்தது. அந்தப் பொனட்டை முழுதாக மறுபெயின்ற் அடித்துத்தான் கொடுத்தோம். கம்பனிப் பெயின்ற்றின் மேலே இருக்கிற நிறமில்லாத கிளியர் படை 40, 50 மைக்ரோன் அளவுதான், தலைமயிரை விட மெல்லிசு. விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் அது இன்னும் குறைவு. பிளாஸ்ரிக் பம்பரில் சூடு இறங்க வழியில்லாததால் அங்கே ஆபத்துக் கூட.

டிஏ (டுவல் அக்சன்) மெசினின் தலை சுழன்றுகொண்டே சிறு வட்டமாக அலையும். ஒரே புள்ளியில் தேய்க்காது, அதிகம் அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். புதுக் கைக்கு இதுதான் காவல். ரோட்டரி விட்டுப்போகிற, வெயிலில் மட்டும் தெரிகிற சுழிக்கோடுகளும் இதில் மிகக் குறைவு. முதல் மெசின் டிஏ ஆகவே இருக்கட்டும். ரோட்டரி பிறகு வரட்டும். இரும்பு வெட்டுகிற கிரைண்டரில் பாட் பூட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது 11,000 சுற்றுக்குக் கிட்ட ஓடுகிற சாமான், பெயின்ற்றுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

டிஏ வாங்கும்போது தலை அலைகிற அகலத்தைக் கேளுங்கள். 8, 15, 21 மில்லிமீற்றர் என்று வரும். ரூபெஸ் என்ற கம்பனியின் மெசின்களின் பெயரில் நிற்கிற 15, 21 அதுதான். 21 பெரிய தட்டையான இடத்தை, வான் கூரையை, சீக்கிரம் முடிக்கும். ஆனால் கதவின் வளைவில் பாட் அடிக்கடி நின்றுபோகும். நம்மிடம் வருகிறவை அல்ரோ, வகன்ஆர், முச்சக்கரவண்டி, இடைக்கிடை ஹையேஸ். இவற்றுக்கு 15 உம், பாட் ஒட்டுகிற 5 அங்குலப் பிளேற்றும்தான் என் தெரிவு. தூண், கண்ணாடிக் கூடு, முச்சக்கரவண்டியின் முன்பக்கம் இவற்றுக்கு 3 அங்குலச் சின்ன மெசின் ஒன்றைக் காசு சேர்ந்ததும் எடுக்கலாம்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிளேற்றின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு கீறி, பாட்டைப் போட்டு, அங்கே நிற்கிற ஏதாவது வாகனத்தின் வளைந்த கதவில் நடு வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். கோடு மங்கலாகச் சுற்றிக்கொண்டிருந்தால் சரி. கோடு நின்ற இடத்திலேயே அதிர்கிறதென்றால் மெசின் நடுங்குகிறது, வெட்டவில்லை. அரை மணித்தியாலம் பிடித்தால் கை விறைக்குமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது மின்சாரம். ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களோடு 100 வோல்ற் மெசின்களும் வருகின்றன. நம்முடைய 230 இல் நேரே கொழுவினால் அதோடு சரி. பின்பக்கத் தகட்டை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஜெனரேற்றரில் ஓட்டுவதென்றால் 900 வாட்ஸ் மெசினுக்கு 2 கேவிஏ நிம்மதியாக இருக்கும். மெதுவாகத் தொடங்குகிற வசதியும், அழுத்தும்போது வேகம் விழாமல் பிடிக்கிற வசதியும் இருக்கிறதா என்று கேளுங்கள். காபன் பிரஷ்ஷும் பிளேற்றும் வவுனியாவிலாவது கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள். பிளேற்றின் வெல்குரோ சூட்டில் கழன்றுவிடும், மேலதிகமாக ஒன்று கையில் இருக்க வேண்டும்.

எந்த மெசின் என்றாலும் சோழகம் வீசும் மாதங்களில் வெளியில் வைத்து ஓட்டாதீர்கள். கிரவல் புழுதி பாட்டுக்குள் ஒரு பருக்கை போனாலே புதுக் கீறல். நம்முடைய வாகனங்களின் கீறல்களில் கனக்க அந்தப் புழுதியை உலர்ந்த துணியால் துடைத்து வந்தவைதான். கூரைக்குக் கீழே, தகடு கையில் சுடாத காலை நேரத்தில், நன்றாகக் கழுவிய பிறகு தொடங்குங்கள். பின்கதவில் ஒரு சதுர அடியை மட்டும் மென்மையான பாட்டால் முதலில் ஓட்டிப் பார்த்து, பாட்டைத் திருப்பிப் பாருங்கள். வாகனத்தின் நிறம் அதில் ஏறியிருந்தால் மேலே கிளியர் இல்லை, நேரே நிறத்தையே தேய்க்கிறீர்கள். பழைய மறுபெயின்ற்றில் இது அடிக்கடி நடக்கும். அங்கே ஒருமுறை ஓட்டுவதோடு நிறுத்துங்கள். நிறம் ஏறவில்லையென்றால் ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். தேய்க்கப் பூசுகிற கொம்பவுண்டின் எண்ணெய் மறைத்த கீறல்கள் அப்போதுதான் வெளியில் வரும்.