வெயிட்டட் கீபோர்டு வாங்கப் போகிறீர்களா? கடையில் விரலால் செய்து பார்க்க வேண்டியவை

டிஜிட்டல் பியானோ வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கவனிப்பது சவுண்டை. நான் அதைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். சவுண்ட் பிடிக்கவில்லை என்றால் நல்ல ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம், லேப்டாப்பை இணைத்து வேறு பியானோ ஒலியை வரவழைக்கலாம். கீயை அப்படி மாற்ற முடியாது. உள்ளே என்ன ஆக்‌ஷன் (கீயை அழுத்தும்போது உள்ளே இயங்கும் அமைப்பு) இருக்கிறதோ அதோடுதான் பல வருடம் வாசிக்க வேண்டும். அதனால் இந்தப் பதிவு முழுக்க டச் பற்றித்தான்.

எங்கள் வீட்டில் இந்தத் தேவை மகளால் வந்தது. வகுப்பில் அப்ரைட் பியானோ, வீட்டில் 61 கீ கீபோர்டு. வீட்டில் தடங்கலில்லாமல் வாசிக்கிற பாடத்தை வகுப்பில் வாசித்தால் மெல்லிய இடங்களில் பாதி ஸ்வரம் கேட்காது, விரலும் சீக்கிரம் சோர்ந்துவிடும். "வீட்டில் வெயிட்டட் கீ, அதாவது உண்மையான பியானோ மாதிரி கனமான கீ, இல்லாமல் இதற்கு மேல் நகராது" என்று டீச்சர் சொல்லிவிட்டார். அதன் பிறகு கடைகளில் நின்று தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். மிடில் சி எங்கே, கார்ட் என்றால் என்ன என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

"டச் ரெஸ்பான்ஸ்", "டச் சென்சிட்டிவ்" என்று இருந்தால், வேகமாக அழுத்தினால் சத்தம் கூடும் என்று மட்டுமே பொருள். கீ ஸ்பிரிங்கில்தான் நிற்கும். "செமி வெயிட்டட்" என்பதும் ஸ்பிரிங்தான், கொஞ்சம் எடை சேர்த்தது. நமக்கு வேண்டியது "ஹாமர் ஆக்‌ஷன்". கீயை அழுத்தும்போது உள்ளே ஒரு எடை நிஜமாகவே எழும்பி விழும். அதோடு "கிரேடட்" அல்லது "ஸ்கேல்டு" என்று இருந்தால் பாஸ் பக்கம் கனமாகவும் ட்ரெபிள் பக்கம் இலகுவாகவும் இருக்கும், உண்மையான பியானோவைப் போல. 88 கீ என்பதில் சமரசம் வேண்டாம்.

2. கையோடு கொண்டு போக வேண்டியவை

உங்கள் சொந்த ஹெட்போன். சில மாடல்களில் பெரிய 6.3 மி.மீ. ஓட்டை, சிலவற்றில் 3.5 மி.மீ. இருக்கும், அதனால் ஒரு கன்வர்ட்டரும் வேண்டும். அளந்து பார்க்க ஒரு சின்ன ஸ்கேல். பத்து ரூபாய் நாணயம் பத்து.

அதற்கும் முன்னால், முடிந்தால் அதே நாளில், ஒரு உண்மையான பியானோவில் பத்து நிமிடம் வாசித்துவிட்டுப் போங்கள். வகுப்பில் இருப்பது போதும். விரலுக்கு அந்த ஞாபகம் ஒரு நாளுக்கு மேல் தங்குவதில்லை.

3. பவரை ஆஃப் செய்துவிட்டு வாசியுங்கள்

கடைக்காரர் உடனே ஆன் செய்து சவுண்டைக் கூட்டிவிடுவார். ஆஃப் செய்யச் சொல்லுங்கள். ஒலி நன்றாக இருந்தால் கீயும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஒலி இல்லாதபோதுதான் விரல் தானாக யோசிக்கும்.

இப்போது காசுச் சோதனை. பியானோ டெக்னீஷியன்கள் இதற்கென்றே சின்ன எடைக்கற்கள் வைத்திருப்பார்கள். நம்மிடம் பத்து ரூபாய் நாணயம் இருக்கிறது, ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம். மிடில் சி கீயின் முன் நுனியில் ஒவ்வொன்றாக அடுக்குங்கள். எத்தனையாவது காசில் கீ மெதுவாகக் கீழே இறங்குகிறது என்று பாருங்கள். இறங்க யோசித்தால் ஸ்டாண்டை லேசாகத் தட்டிவிடலாம். உண்மையான பியானோவில் அந்த இடத்தில் சுமார் 50 கிராம் வேண்டியிருக்கும், அதாவது ஆறு ஏழு காசு. டிஜிட்டலில் எட்டு ஒன்பது கேட்பதும் உண்டு.

இறங்கியதும் காசுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். மூன்று காசு மிச்சம் இருக்கும்போதே கீ தானாக மேலே வந்தால் நல்லது. ஒரே காசு இருந்தும் எழாமல் கிடந்தால் அந்த ஆக்‌ஷன் மந்தமானது, வேகமான பாடங்களில் விரலைப் பிடித்து இழுக்கும். கனமாக இருப்பதே நல்ல டச் என்ற பேச்சு கடைகளில் நிறையக் கேட்கும், நம்பாதீர்கள். இறங்குவது எவ்வளவு முக்கியமோ அதே அளவு முக்கியம் திரும்பி எழுவது.

பவர் ஆஃபில் இருக்கும்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: தட் தட் என்ற இடிச் சத்தம். ஹெட்போன் போட்டு இரவில் வாசிக்கலாம் என்று நினைத்து வாங்குவோம். ஆனால் ஹாமர் விழும் அதிர்வு ஸ்டாண்ட் வழியாகத் தரையில் இறங்கிக் கீழ்வீட்டுக்குப் போகும். அப்பார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. ஸ்டாண்ட் காலுக்குக் கீழே தடிமனான ரப்பர் மேட் போட்டால் நன்றாகக் குறையும்.

4. கீயின் உள்பக்கத்தை அழுத்துங்கள்

என்னை அதிக நேரம் குழப்பியது இந்தப் படிதான். எந்த விளம்பரத்திலும் இது இருக்காது. கடையில் நின்று வாசித்தபோது இரண்டு மாடல்கள் ஒரே மாதிரி தெரிந்தன. சி மேஜர் ஸ்கேல், எளிய கார்ட்கள், எல்லாம் சரி. ஷார்ப் ஃபிளாட் நிறைந்த ஒரு பாடத்தை மகள் வாசித்ததும் ஒன்றில் சில ஸ்வரங்கள் விழவே இல்லை. அவள் விரலில் குறை இல்லை. கீ எங்கே ஊன்றி நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஒவ்வொரு கீயும் பெட்டிக்குள் ஒரு ஊன்று புள்ளியில் நின்று ஆடும் நெம்புகோல். கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபமாகத் திறக்கும், கீல் பக்கம் தள்ளினால் கை வலிக்கும். கீயிலும் அதே கதைதான். முன் நுனியிலிருந்து ஊன்று புள்ளி வரை 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. உள்ளே தள்ளி அழுத்தினால் இரண்டு மடங்கு விசை வேண்டும். அந்த நீளம் 25 செ.மீ. ஆக இருந்தால் அதே இடத்தில் 1.67 மடங்கு போதும். விசை மட்டும் இல்லை, ஆழமும் குறையும். நுனியில் 10 மி.மீ. இறங்கும் கீ, 20 செ.மீ. கணக்கில் அந்த இடத்தில் 5 மி.மீ. மட்டுமே இறங்கும். அந்த 5 மி.மீ.க்குள் மெல்லிசாகவும் அழுத்தமாகவும் வாசித்துக் காட்ட வேண்டும்.

சோதிக்க எளிய வழி, வலது கையில் எஃப் ஷார்ப் மைனர் கார்ட். கட்டைவிரல் எஃப் ஷார்ப்பில், சுண்டுவிரல் சி ஷார்ப்பில், இரண்டும் கறுப்புக் கீ. நடுவிரல் ஏ என்ற வெள்ளைக் கீயை, இரண்டு கறுப்புக் கீகளுக்கு நடுவே உள்ளே போய் அழுத்தியாக வேண்டும். மூன்றும் ஒரே அளவில் ஒலிக்கிறதா? மிக மெல்லிசாக வாசித்தால் ஏ மட்டும் காணாமல் போகிறதா? ஐந்தாறு முறை செய்தால் தெரிந்துவிடும். இதற்குப் பவர் ஆனில் இருக்க வேண்டும்.

ஊன்று புள்ளி எங்கே என்று கம்பெனிகள் பெரும்பாலும் சொல்வதில்லை. அதற்குத்தான் ஸ்கேல். பெட்டியின் முன்னாலிருந்து பின்னால் வரை அளந்து பாருங்கள். காசியோ பிஎக்ஸ்-எஸ்1100, சிடிபி-எஸ்110 இரண்டும் 23.2 செ.மீ. தான், ரோலண்ட் எஃப்பி-10 25.8, பழைய யமஹா பி-45 29.5. பெட்டி ஆழமாக இருந்தால் கீயும் நீளமாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பெட்டி ஒல்லியாக இருந்தால் கீ நீளமாக இருக்க வழியே இல்லை. மெலிந்த பெட்டி அழகுதான், தூக்கிக்கொண்டு போகவும் வசதி. அந்த அழகுக்கு விலை கொடுப்பது இந்த இடத்தில்தான்.

5. இப்போது ஆன் செய்து, மெதுவாக

ஹெட்போன் மாட்டுங்கள். ஒரு கீயை மிக மெதுவாக, சத்தமே வராத அளவு மெதுவாக இறக்குங்கள். உண்மையான பியானோவில் ஹாமர் கம்பியைத் தொடாமல் நின்றுவிடும், ஒலி வராது. நல்ல டிஜிட்டலிலும் அப்படித்தான். சிலவற்றில் அடி வரும் முன் விரலுக்கு ஒரு சின்னத் தடை தெரியும், அதை எஸ்கேப்மென்ட் என்பார்கள்.

அடுத்து, கீயை முழுதாக மேலே விடாமல் பாதியிலேயே திரும்ப அழுத்துங்கள். கிராண்ட் பியானோவில் இது முடியும். 1821ல் எரார் குடும்பம் காப்புரிமை பெற்ற டபுள் எஸ்கேப்மென்ட் அமைப்பு வந்ததே இதற்காகத்தான். டிஜிட்டலில் இந்த வேலையைச் சென்சார் செய்கிறது. கீக்கு இரண்டு சென்சார் என்றால் கீ கிட்டத்தட்ட மேலே வந்தால்தான் அடுத்த ஒலி, மூன்று என்றால் பாதியிலேயே வரும்.

"டச் செட்டிங்கை லைட்டாக வைத்தால் சரியாகிவிடும்" என்று சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த செட்டிங் எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு சத்தம் என்பதை மட்டுமே மாற்றும். கீயின் எடை ஒரு கிராம்கூட மாறாது.

சரி, எதை வாங்குவது?

என் தேர்வு ரோலண்ட் எஃப்பி-10. மூன்று சென்சார், எஸ்கேப்மென்ட், விரல் வழுக்காத சொரசொரப்பான கீ, மூன்றும் இந்த அளவு பியானோவில் சேர்ந்து கிடைப்பது பெரிய விஷயம். வியர்க்கும் ஊரில் அந்தச் சொரசொரப்பின் அருமை தெரியும். கீ கொஞ்சம் கனம், இடிச் சத்தமும் உண்டு. எஃப்பி-30எக்ஸில் இருப்பதும் இதே பிஹெச்ஏ-4 கீபோர்டுதான். அதிகப் பணம் ஸ்பீக்கருக்கும் பாலிஃபொனிக்கும் (ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரம் ஒலிக்கும் என்ற கணக்கு) லைன் அவுட்டுக்கும் (வெளி ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் ஓட்டை) போகிறது, டச்சுக்காக அதற்கு மாற வேண்டாம். மேடையில் வாசிப்பவர்களுக்கு மட்டும் லைன் அவுட் தேவைப்படும், எஃப்பி-10ல் ஹெட்போன் ஓட்டைதான் உண்டு.

சின்னக் குழந்தைகளுக்கு எஃப்பி-10 கனமாகத் தெரிந்தால் யமஹா பி-145 பாருங்கள். 2023ல் வந்தது, டச் இலகுவானது. இரவு வாசிப்புதான் முக்கியம் என்றால் கவாய் இஎஸ்120 கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள், கீ சத்தத்தைக் குறைப்பதில் அவர்கள் கவனம் செலுத்தியிருக்கிறார்கள்.

ஸ்டாண்டில் எக்ஸ் வடிவம் வேண்டாம். ஹாமர் ஆக்‌ஷனில் அழுத்தி வாசித்தால் ஆடும், ஆடினால் டச் கெடும். மேஜை மாதிரி நான்கு காலோடு இருப்பது அல்லது இசட் வடிவம் நல்லது. கூடவே வரும் சின்னச் சதுரப் பெடல் தரையில் நழுவும், பியானோ பெடல் வடிவத்தில் கனமானதாக ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை

தனியாகப் பெடல் வாங்கிய ஒருவர், "காலை எடுத்தால்தான் ஒலி நீள்கிறது, மிதித்தால் நின்றுவிடுகிறது" என்று எழுதியிருந்தார். பெடல் பழுதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி பெடலின் போலாரிட்டி, அதாவது மிதித்தால் ஆனா ஆஃபா என்பது, தலைகீழாக இருக்கும். பெடலின் அடியில் சின்ன சுவிட்ச் இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் பியானோவை ஆஃப் செய்து, பெடலைச் செருகி, மிதிக்காமல் ஆன் செய்யுங்கள். பல பியானோக்கள் ஆன் ஆகும் நொடியில்தான் பெடலின் நிலையைப் படித்துக்கொள்ளும், அப்போது கால் அதன் மேல் இருக்கக் கூடாது.

காசுச் சோதனையை வகுப்புப் பியானோவில் செய்து பார்த்துவிட்டு, பத்துக் காசு வைத்தும் இறங்கவில்லை என்றார் இன்னொருவர். வலது பெடலை மிதித்துக்கொண்டு செய்ய வேண்டும். இல்லையென்றால் டாம்பரின் (கம்பியின் ஒலியை அடக்கும் கட்டை) எடையும் சேர்ந்துகொள்ளும்.

கர்நாடக சங்கீதம் வாசிப்பவர்கள் சிலரும் கேட்டிருந்தார்கள். கமகத்துக்குப் பிட்ச் பெண்ட் வீல் வேண்டும், நான் மேலே சொன்ன எந்த மாடலிலும் அது கிடையாது. அவர்களுக்கு வீல் உள்ள கீபோர்டுதான் சரி, வெயிட்டட் கீக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.